தூசிப் புள்ளியா, மூக்குத்தியா?

எங்க அம்மாயியோட மூக்குத்தியை அழிச்சது நான்தான். வேணும்னே செய்யல. கிம்ப் மென்பொருள்ல ஒரே ஒரு ஃபில்டர், ஒரே ஒரு ஓகே பட்டன். அவ்வளவுதான்.

அம்மாயி தவறி ஒரு வருஷம் ஆகப்போகுது, வருஷ திதிக்குப் படத்தைப் பெருசா பிரிண்ட் போட்டு மாட்டணும்னு வீட்டுல பேச்சு. கையில இருந்தது ஒரே ஒரு போஸ்ட்கார்டு சைஸ் கறுப்பு வெள்ளைப் படம். கல்யாணம் ஆன புதுசுல ராசிபுரத்துல ஒரு ஸ்டுடியோவுல எடுத்தது. பின்னாடி தூணும் படிக்கட்டும் வரைஞ்ச திரை, முன்னாடி நாற்காலியில அப்புச்சி, பக்கத்துல நின்னுக்கிட்டு அம்மாயி. ஓட்டு வீட்டுச் சுவத்துல ஐம்பது வருஷம் தொங்கினதுல திரை முழுக்க வெள்ளையும் கறுப்புமா புள்ளி. "காலேஜுல கம்ப்யூட்டர் படிக்கிறீல்ல, இதைச் சரி பண்ண மாட்டியா?"ன்னு மாமா கேட்டார். நான் படிக்கிறது இசிஇ. ஆனா ஊர்ல எல்லாம் ஒண்ணுதானே!

ஸ்கேன் பண்ணி, டெஸ்பெக்கிள் ஃபில்டரைப் போட்டேன். திரை கண்ணாடி மாதிரி சுத்தமாச்சு. குடும்ப வாட்ஸ்ஆப் குழுவுல போட்டதும் ஒரே பாராட்டு. ராத்திரி பெரியம்மாகிட்ட இருந்து ஃபோன். "ஏங்கண்ணு, படமெல்லாம் நல்லாத்தான் வந்திருக்குது. அம்மா மூக்குத்தி எங்க போச்சு?"

பெருசாக்கிப் பார்த்தா மூக்கு மொழுமொழுன்னு இருக்கு. அந்த மூக்குத்தியைப் பிற்பாடு கிணறு ஆழப்படுத்துறதுக்காக வித்துட்டாங்களாம். அது மிச்சம் இருக்குறது அந்த ஒரு படத்துல மட்டும்தான்.

அந்த ஃபில்டர் உள்ளுக்குள்ள என்ன பண்ணுச்சு, எப்படிப் பண்ணியிருக்கணும்னு அதுக்கப்புறம் உக்காந்து படிச்சதுதான் இந்தக் கட்டுரை. வீட்டுல பழைய படம் இருக்குறவங்க, காலேஜ் விழாவுக்குக் கேமரா தூக்குறவங்க ரெண்டு பேருக்கும் உதவும்னு நம்புறேன்.

ஒன்பது பேர் வரிசை

டெஸ்பெக்கிளோட அடிப்படை, பத்தாவதுல படிச்ச புள்ளியியல்தான்: இடைநிலை அளவு. ஆங்கிலத்துல மீடியன். படத்துல ஒரு பிக்சலை எடுத்து, அதையும் சுத்தி இருக்குற எட்டு பிக்சலையும் சேர்த்து ஒன்பது எண்ணா வச்சுக்கோங்க. திரையில ஒரு இடத்துல இந்த மாதிரி இருக்குன்னு வைப்போம்: 118, 120, 119, 121, 240, 122, 120, 117, 119. நடுவுல இருக்குற 240தான் வெள்ளைத் தூசி.

சராசரி எடுத்தா கூட்டுத்தொகை 1196, ஒன்பதால வகுத்தா கிட்டத்தட்ட 133. அதாவது தூசி போகல, மங்கலா சுத்தி இருக்குறவங்க மேலயும் பரவிடுச்சு. பிளர் ஃபில்டர் போட்டா புள்ளி சாம்பல் திட்டா மாறுறது இதனாலதான். அதையே ஏறுவரிசையில நிக்க வச்சு அஞ்சாவது ஆளைக் கூப்பிட்டா 120 வருவார். 240 கடைசியில நிக்கிறதால அவர் சொல்லு எடுபடவே இல்லை. தூசி 240 இல்லாம 255 ஆ இருந்தாலும் விடை அதே 120தான். ஓட்டெடுப்பு மாதிரி: எவ்வளவு சத்தமாக் கத்துறாங்கங்கிறது முக்கியமில்ல, எத்தனை பேர் இருக்காங்கங்கிறதுதான் முக்கியம். ஜான் டியூக்கிங்கிற அமெரிக்கப் புள்ளியியலாளர் 1970களில் காலவரிசைத் தரவுகளை வழவழப்பாக்க இந்த 'நகரும் இடைநிலை'யைப் பரிந்துரைச்சார். அதுவே ரெண்டு பரிமாணத்துக்குப் போனதும் படங்களைச் சுத்தம் பண்ணுற கருவி ஆயிடுச்சு. ஓபன்சிவியில மீடியன்பிளர்னு ஒரே வரியில கூப்பிடுறோமே, அது இதேதான்.

இப்ப என் தப்புக்கு வரேன். பெரும்பான்மைதான் ஜெயிக்கும்னா, சிறுபான்மையா இருக்குற எதுவும் தோத்துடும். தூசியா நகையான்னு ஃபில்டருக்குத் தெரியாது. நான் ஸ்கேன் பண்ணது 300 டிபிஐ, அதாவது ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 12 பிக்சல். படத்துல அம்மாயி முகமே ஒன்றரை சென்டிமீட்டர்கூட வராது, அதுல மூக்குத்தி 0.3 மில்லிமீட்டர் இருந்தா அதிகம். கணக்குப் போட்டா குறுக்களவு மூணரை பிக்சல், பரப்பு சுமார் பத்து பிக்சல். ஃபில்டர்ல ரேடியஸ் 3. அப்படின்னா 7×7, மொத்தம் 49 பேர் ஓட்டு. ஜெயிக்க 25 வேணும். பத்து ஓட்டை வச்சுக்கிட்டு மூக்குத்தி என்ன செய்யும்? இடத்துக்குத் தகுந்த மாதிரி ரேடியஸைக் குறைச்சுக்குற 'அடாப்டிவ்'னு ஒரு டிக் அங்கயே இருந்துச்சு. முழு வேகத்துல அடிக்கட்டும்னு அதையும் நானே எடுத்துவிட்டிருந்தேன்.

600 டிபிஐல ஸ்கேன் பண்ணியிருந்தா கதை வேற. 0.1 மில்லிமீட்டர் தூசி அப்ப ரெண்டரை பிக்சல் குறுக்களவு, பரப்பு அஞ்சுக்குள்ள. மூக்குத்தி ஏழு பிக்சல், பரப்பு நாப்பதுக்குப் பக்கம். ரேடியஸ் 2 வச்சா 25 பேர் ஓட்டு, ஜெயிக்க 13. தூசி தோக்கும், மூக்குத்தி நிக்கும். ரெண்டுக்கும் உள்ள விகிதம் மாறல. ஆனா நடுவுல கோடு கிழிக்க இடம் கிடைக்குது. 300ல அந்த இடமே ரொம்பக் குறுகல்: ரேடியஸ் 1 வச்சா மூக்குத்தி ஓரம் தேஞ்சு பிழைக்கும், 2 வச்சா போயிடும்.

ஆனா இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. மூக்குத்தியை விடப் பெரிய பூஞ்சைப் புள்ளிகள் திரையில நிறைய இருந்துச்சு. அளவை மட்டும் வச்சுப் பிரிக்க முடியாது. வேற ஏதாவது அடையாளம் வேணும்.

புள்ளி எது மேல உக்காந்திருக்கு?

அந்த அடையாளம் என்னன்னா, புள்ளி இருக்குற பரப்பு. ஒரே மாதிரித் தெரியுற புள்ளி, அஞ்சு வேற வேற இடத்துல உக்காந்திருக்கலாம். இடம் தெரிஞ்சா மருந்து தெரியும்.

முதல்ல கேமரா. லென்ஸ் கழட்டுற கேமராவை வச்சுக்கிட்டு நம்ம பக்கம் வெளியில சுத்துறவங்களுக்கு இது தெரியும். கோடையில கிரஷர் ஓடுற ரோட்டோரமோ, நாமக்கல்ல லாரி பாடி கட்டுற பட்டறையோ, திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் ரிக் நிக்குற காடோ, எங்க லென்ஸ் மாத்தினாலும் ஒரு துகள் உள்ள போயிடும். அது சென்சார் மேல இருக்குற கண்ணாடி ஃபில்டர்ல ஒட்டிக்கும். எஃப்/2.8ல எடுத்தா தெரியாது, நிழல் பரந்து கரைஞ்சிடும். எஃப்/16 வச்சு வானத்தை எடுத்தீங்கன்னா சாம்பல் வட்டமா பல்லைக் காட்டும். எல்லாப் படத்துலயும் அதே இடத்துல இருக்குறதுதான் இதோட கையெழுத்து. சந்தேகமா இருந்தா எஃப்/16ல, ஃபோகஸை விட்டு, வெள்ளைச் சுவரை ஒண்ணு எடுத்துப் பாருங்க. லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக் காட்டும்ல, அதனால படத்துல மேல இருக்குற புள்ளி சென்சார்ல கீழ இருக்கும். துடைக்கப் போறவங்க ஞாபகம் வச்சுக்கணும். வாயால மட்டும் ஊதாதீங்க, தூசி ஒண்ணு போய் எச்சில் நாலு வரும்.

ரெண்டாவது, காத்துல இருக்குறது. மாரியம்மன் பண்டிகை ராத்திரியில ஃபிளாஷ் போட்டு எடுத்தா பின்னணி முழுக்க வெள்ளை உருண்டை மிதக்கும். லென்ஸுக்குப் பக்கத்துல பறக்குற புழுதி மேல ஃபிளாஷ் பட்டு, ஃபோகஸ் இல்லாம உருண்டையாத் தெரியுது. இதை வச்சு ஆவின்னு கதை கட்டுறவங்களும் உண்டு. இது ஒவ்வொரு படத்துலயும் இடம் மாறும். அதனால ரெண்டு மூணு ஷாட் சேர்த்து எடுத்தாப் போதும். ராத்திரி நீண்ட எக்ஸ்போஷர்ல வர்ற சிவப்பு, நீலப் புள்ளி வேற, அது சென்சார்லயே சூடேறுற பிக்சல். மூடியைப் போட்டு அதே நேரத்துக்கு ஒரு கறுப்புப் படம் எடுத்து, அதைக் கழிச்சா போயிடும்.

மூணாவது ஸ்கேனர் கண்ணாடி, நாலாவது படத்தாளோட மேற்பரப்பு, அஞ்சாவது படத்துக்குள்ளயே இருக்குறது, அதாவது ஸ்டுடியோக்காரர் அன்னிக்கு நெகட்டிவ்ல இருந்து பிரிண்ட் போடும்போதே பதிஞ்ச தூசி. பழைய படத்துல இந்த மூணும் கலந்துதான் இருக்கும்.

கண்ணாடித் தூசியைக் கண்டுபிடிக்க ஒரு அருமையான வழி இருக்கு, காசே செலவில்ல. அதே படத்தை மூணு தடவை ஸ்கேன் பண்ணுங்க, ஒவ்வொரு தடவையும் கண்ணாடி மேல கொஞ்சம் நகர்த்தி வச்சு. படத்துல இருக்குறது படத்தோட நகரும். கண்ணாடியில இருக்குறது நகராது. மூணையும் கிம்ப்ல லேயரா அடுக்கி, ஒண்ணு மேல ஒண்ணு சரியாப் பொருத்தி, ஜிமிக்ங்கிற இலவச பிளக்இன்ல லேயர்ஸ் பகுதியில இருக்குற 'பிளெண்ட் மீடியன்' போட்டா, மூணுல ரெண்டு சொல்றதுதான் நிக்கும். அதே பெரும்பான்மை ஓட்டுதான், ஆனா இந்தத் தடவை ஓட்டுப் போடுறது பக்கத்துப் பிக்சல்கள் இல்ல, அதே பிக்சலோட மூணு சாட்சிகள். மூக்குத்தி மூணு ஸ்கேன்லயும் இருக்கு, அதனால அது மேல ஒரு கீறல்கூட விழாது. பொருத்துறதுதான் கஷ்டம், 200 சதவீதம் பெருசாக்கி, கண் இமைகளை வச்சுப் பொருத்தினேன்.

சொரசொரப்புத் தாள்ல போட்ட பழைய ஸ்டுடியோ பிரிண்டா இருந்தா, ஸ்கேன் பண்ணும்போது தாளோட மேடு பள்ளம் எல்லாம் மினுமினுன்னு புள்ளியா வரும். அதுக்கும் இதே மாதிரி வழி: ஒரு தடவை நேராவும், ஒரு தடவை 180 டிகிரி திருப்பியும் ஸ்கேன் பண்ணி, ரெண்டாவதைக் கம்ப்யூட்டர்ல திருப்பிப் போட்டுச் சராசரி எடுக்கணும். வெளிச்சம் எதிர்ப் பக்கத்துல இருந்து வந்ததால மினுமினுப்பு ஒண்ணை ஒண்ணு பெருமளவு சரிக்கட்டிடும்.

"நெகட்டிவ் இருந்தா ஸ்கேனரே தூசியைக் கண்டுபிடிக்குமே"ன்னு ஃபோட்டோகிராஃபி கிளப் சீனியர் ஒருத்தர் சொன்னார். உண்மைதான். டிஜிட்டல் ஐஸ்னு ஒரு தொழில்நுட்பம், அகச்சிவப்பு ஒளியில கூடுதலா ஒரு ஸ்கேன் எடுக்கும். கலர் ஃபிலிம்ல இருக்குற சாயம் அகச்சிவப்பை விட்டுடும், தூசி மறிக்கும். அதனால அந்த ஸ்கேன்ல தூசி மட்டும் தனியாத் தெரியும். ஆனா கறுப்பு வெள்ளை ஃபிலிம்ல படமே வெள்ளித் துகளால ஆனது. வெள்ளியும் அகச்சிவப்பை மறிக்கும். அப்ப மொத்தப் படமும் தூசின்னு ஆயிடும்! எங்ககிட்ட நெகட்டிவே இல்லைங்கிறது தனிக் கதை.

ஏற்காடு ரோட்டு வளைவும் கொடைக்கானல் சூரியனும்

'பல சாட்சிகளைக் கேளு'ங்கிற இந்த யோசனை புதுசு இல்ல. சேலத்துல ஏற்காடு போற வழியில மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பீங்க. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர்.சுந்தரம் 1935ல தொடங்கின ஸ்டுடியோ. இன்னிக்கு அந்த முகப்பு வளைவுதான் மிச்சம். தமிழோட முதல் முழுநீளக் கலர் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956ல அங்க இருந்து வந்ததுதான். அந்தக் காலத்துப் படங்களை டிவியில பார்க்கும்போது மழை மாதிரி கோடும் புள்ளியும் ஓடுமே, அது ஃபிலிம் மேல ஒட்டின தூசியும் கீறலும்.

சினிமாவுக்கு ஒரு வசதி உண்டு. வினாடிக்கு 24 ஃபிரேம். ஒரு தூசி ஒரு ஃபிரேம்ல இருக்கும், முன்னாடி ஃபிரேம்லயும் பின்னாடி ஃபிரேம்லயும் இருக்காது. நடிகையோட மூக்குத்தி மூணுலயும் இருக்கும். அதனால மூணு ஃபிரேமையும் ஒப்பிட்டு, ஒண்ணுல மட்டும் தோணி மறையுறதைத் தூக்கிட்டா வேலை முடிஞ்சது. 1964ல வந்த 'கர்ணன்' 2012ல டிஜிட்டல்ல புதுப்பிச்சுத் திரும்ப வந்தப்ப தியேட்டர்ல கூட்டம் கூடுச்சு. அந்த மாதிரிப் புதுப்பிப்பு வேலைகளோட அடித்தளத்துல இருக்குறது இந்த ஒப்பீடுதான். இதுலயும் வழுக்குற இடம் இருக்கு: மழைத்துளி, தீப்பொறி, வாள் மின்னுறது எல்லாமே ஒரு ஃபிரேம் ஆயுசு உள்ளதுதான். தானா ஓடவிட்டா மென்பொருள் அதையும் தூசின்னு துடைச்சிடும். அதனால ஒரு ஆள் உக்காந்து ஷாட் ஷாட்டாப் பார்க்க வேண்டியிருக்கு.

இன்னும் கறாரான உதாரணம் கொடைக்கானல். அங்க இருக்குற சூரிய ஆய்வகத்துல 1904ல இருந்து சூரியனோட வெள்ளொளிப் படங்களை நாள் தவறாம எடுக்க முயற்சி பண்ணி, கண்ணாடித் தட்டுலயும் பிறகு ஃபிலிம்லயுமா நூறு வருஷத்துக்கு மேல சேர்த்து வச்சிருக்காங்க. இந்திய வானியற்பியல் நிறுவனம் அதை எல்லாம் டிஜிட்டல் ஆக்கியிருக்கு. அங்க பிரச்சினை எப்படின்னு யோசிங்க: வெள்ளை வட்டத்துல கறுப்புப் புள்ளி. அதுதான் சூரியப் புள்ளி, அதைத் தேடித்தான் படமே எடுத்தாங்க. தட்டுல ஒட்டின தூசியும் அதே மாதிரி கறுப்புப் புள்ளிதான். நான் போட்ட மாதிரி டெஸ்பெக்கிள் போட்டா நூறு வருஷ அறிவியல் சுத்தமா வழிச்செடுத்த மாதிரி ஆயிடும். எப்படிப் பிரிக்கிறது? சூரியன் தன்னைத்தானே சுத்துது, பூமியில இருந்து பார்த்தா ஒரு சுத்துக்குச் சுமார் 27 நாள். அதனால உண்மையான புள்ளி அடுத்த நாள் தட்டுல 13 டிகிரி வாக்குல நகர்ந்து நிக்கும். தூசிக்கு அந்த ஒழுங்கு கிடையாது, அடுத்த தட்டுல அது இருக்கவே இருக்காது. இதுவும் அடுத்த சாட்சியைக் கேக்குற வேலைதான்.

எனக்கு அடுத்த நாள் தட்டு இல்ல, அடுத்த ஃபிரேமும் இல்ல. ஒரே படம். மூணு ஸ்கேன் கண்ணாடித் தூசியை எடுத்துடுச்சு. தாள்ல ஒட்டினதும், பிரிண்ட்ல பதிஞ்சதும் அப்படியே நின்னுச்சு. அதுக்குச் சாட்சி சொல்ல மிஷின் கிடையாது. பெரியம்மாதான்.

கையால செய்யுற வேலை

ரெண்டாவது தடவை நான் செஞ்சதைச் சொல்றேன். முதல்ல படத்தைக் காத்துப் பம்பால ஊதினேன். ஈரத்துணி போடல; பழைய பிரிண்ட்ல மேல இருக்குற ஜெலட்டின் படலம் ஈரம் பட்டா ஊறி உரியும். சட்டத்துக் கண்ணாடியோட ஒட்டிப்போன படமா இருந்தா பிச்சு எடுக்காதீங்க, கண்ணாடியோடவே வெளிச்சம் பட்டுத் தெறிக்காத கோணத்துல கேமராவால எடுத்துக்கலாம். அப்புறம் 600 டிபிஐ, மூணு ஸ்கேன், மீடியன்.

அடுத்து, லேயரை நகல் எடுத்து, மேல் லேயருக்கு மட்டும் டெஸ்பெக்கிள் போட்டேன். ரேடியஸ் தாராளமாவே, அஞ்சு. அதுல மூக்குத்தி, கம்மல், புடவைச் சரிகை எல்லாமே போயிடும். பரவாயில்ல. ஏன்னா உடனே அந்த லேயருக்கு ஒரு கறுப்பு மாஸ்க் போட்டுட்டேன். இப்ப மேல் லேயர் முழுக்க மறைஞ்சிடும், கண்ணுக்குத் தெரியுறது பழைய படம்தான். பிறகு வெள்ளை பிரஷை எடுத்து, எந்தப் புள்ளி போகணுமோ அது மேல மட்டும் தடவினேன். தடவின இடத்துல மட்டும் சுத்தமான லேயர் எட்டிப் பார்க்கும். தப்பாத் தடவிட்டா கறுப்பு பிரஷால திரும்பத் தடவலாம், எதுவும் அழியல. ஃபில்டர் அதே ஃபில்டர்தான், ஆனா எது தூசின்னு முடிவு பண்ற வேலை என் கைக்கு வந்திடுச்சு. ஃபோட்டோஷாப் வச்சிருக்கவங்க டஸ்ட் அண்ட் ஸ்க்ராட்சஸ் ஃபில்டரோட இதையே செய்யலாம். அதுல திரெஷோல்ட்னு ஒண்ணு கூடுதலா இருக்கு, சுத்துப்பட்டை விட எவ்வளவு வித்தியாசமா இருந்தா கை வைக்கணும்னு சொல்லிடலாம். அதைக் கொஞ்சம் ஏத்தி வச்சா படத்தோட மணல்தன்மை பிழைக்கும்.

புள்ளியே தெரியலன்னா ஒரு தந்திரம்: மேல இன்னொரு நகல் லேயர் போட்டு கர்வ்ஸ்ல கான்ட்ராஸ்ட்டைக் கன்னாபின்னான்னு ஏத்துங்க. ஒளிஞ்சிருந்ததெல்லாம் வெளிய வரும். குறிச்சுக்கிட்டு அந்த லேயரைத் தூக்கிப் போட்டுடுங்க.

பெரிய பூஞ்சைத் திட்டுகளுக்கு ஹீல் டூல். ஹெச் கீயை அழுத்தி, நல்லா இருக்குற இடத்துல கன்ட்ரோலோட ஒரு கிளிக், அப்புறம் திட்டு மேல ஒரு கிளிக். இது குளோன் மாதிரி வெறும் நகல் இல்ல. நல்ல இடத்துல இருந்து நுணுக்கத்தை எடுத்துக்கிட்டு, நிறத்தை மட்டும் ஒட்டுப் போடுற இடத்தோட ஓரத்துக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கும். எப்படி? எம்-3ல ரெண்டு பரிமாண வெப்பக் கடத்தல் கணக்கு போட்டோமே, தகட்டோட நாலு ஓரத்துல வெப்பநிலை கொடுத்து உள்ள என்னன்னு கண்டுபிடிக்கிறது, அதேதான். ஓரத்துல ரெண்டு படத்துக்கும் உள்ள வித்தியாசம் எல்லை நிபந்தனை. உள்ள லாப்லாஸ் சமன்பாட்டைத் தீர்த்து அந்த வித்தியாசத்தைச் சீராப் பரப்பிடுறாங்க. கிம்ப்போட நிரல் எல்லாருக்கும் திறந்தே இருக்கு, ஹீல் பகுதியைத் திறந்தா லாப்லாஸ்ங்கிற பேரே கண்ணுல படும். 2003ல பெரெஸ், காங்னே, பிளேக் மூணு பேரும் எழுதின பாய்சான் பட எடிட்டிங் கட்டுரையும் இதே குடும்பம்தான். எல்லை நிபந்தனை எதுக்குன்னு மூணாவது செமஸ்டர்ல கேட்டவங்களுக்கு இதுதான் பதில்!

இது புரிஞ்சா ஹீல் எங்க சொதப்பும்னும் புரிஞ்சிடும். பிரஷ் வட்டத்தோட ஓரம் அம்மாயி கொண்டையைத் தொட்டா, அந்தக் கறுப்பும் எல்லை நிபந்தனை ஆயிடும். தகட்டோட ஒரு மூலையில தீ வச்ச மாதிரி கறுப்பு உள்ள பரவி அழுக்காத் தெரியும். அதனால உருவத்துக்கு ஒட்டின இடத்துல ஹீல் வேண்டாம், சின்ன பிரஷ்ல குளோன் போதும். பிரஷ் புள்ளியை விடக் கொஞ்சூண்டு பெருசா இருக்கணும், அவ்வளவே. ஒரே இடத்துல இருந்து திரும்பத் திரும்ப எடுத்தா திரையில வரைஞ்ச தூண்ல ஒரே கறை நாலு தடவை வரும், பார்த்தவங்க உடனே கண்டுபிடிச்சிடுவாங்க.

மொத்தமும் முடிஞ்ச பிறகு திரை பிளாஸ்டிக் ஷீட் மாதிரி ஆயிடுச்சுன்னா, சுத்தம் பண்ண இடத்துல மணல்தன்மையும் சேர்ந்து போயிடுச்சுன்னு அர்த்தம். நாய்ஸ் ஃபில்டர்ல துளியூண்டு சேர்த்துக்கலாம். சுத்தம் பண்ணிட்டு அழுக்கைச் சேர்க்குறதான்னு தோணும். முகம் மட்டும் மணலா, பின்னணி மட்டும் வழவழன்னு இருந்தா ஆளை வெட்டி ஒட்டின மாதிரி இருக்கும், அதுக்கு இது மேல்.

இவ்வளவு எதுக்கு, ஃபோன்லயே ஏஐ இருக்கேன்னு கேப்பீங்க. நானும் போட்டுப் பார்த்தேன். திரையில இருந்த புள்ளிக்குப் பிரமாதம், நான் ஒரு மணி நேரம் பண்ணதை ஒரு நிமிஷத்துல முடிச்சுது. ஆனா முகத்தையும் 'மேம்படுத்தி' கொடுத்தது. இமை முடி ஒவ்வொண்ணாத் தெரியுது, பல் வரிசை பளிச்சுன்னு இருக்கு, யாரோ ஒரு அழகான அம்மா. எங்க அம்மாயி இல்ல. இடைநிலை ஃபில்டர் இருந்ததை அழிச்சது. இது இல்லாததைச் சேர்த்தது. எனக்கு ரெண்டாவதுதான் கூடுதல் பயமா இருக்கு, ஏன்னா அழிஞ்சதை பெரியம்மா கண்டுபிடிச்சாங்க; சேர்ந்ததை அடுத்த தலைமுறையில யார் கண்டுபிடிப்பாங்க? திரையோட நிறுத்திக்கிட்டா தாராளமாப் பயன்படுத்துங்க.

இதே மாதிரிதான் பாஸ்போர்ட் சைஸ் படமும். பின்னணி வெள்ளையில இருக்குற புள்ளியை பிரஷால அடிச்சா முடிஞ்சது, அதுல பெருசா வித்தை ஒண்ணும் இல்ல. ஆனா அதோட சேர்த்து கன்னத்து மச்சத்தையும் எடுத்துடுறாங்க. நம்ம டிசியில அங்க அடையாளம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல எழுதியிருக்குறதே அந்த மச்சம்தானே!

கிம்ப்பே ரெண்டு காலேஜ் பசங்க, பெர்க்லியில ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மாட்டிஸும், மாணவர்களா இருக்கும்போது ஆரம்பிச்சு 1996ல வெளியிட்டது. நம்ம ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுறவங்களுக்கு ஒரு யோசனை: மூணு ஸ்கேனைத் தானாவே பொருத்தி மீடியன் எடுக்குற ஒரு சின்ன நிரல். இமையை வச்சுப் பொருத்தி எனக்குக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

படம் இப்ப 12×18 அங்குலத்துல பிரிண்ட் ஆகி வந்தாச்சு. 600 டிபிஐ ஸ்கேனுக்கு அங்குலத்துக்கு 180 பிக்சல் வாக்குல வருது, சுவத்துல மாட்டிப் பார்க்கப் போதும். லேயர் எல்லாம் இருக்குற கிம்ப் கோப்பையும், ஒரு கை படாத மூல ஸ்கேனையும் மாமா, பெரியம்மா ரெண்டு வீட்டுக்கும் பென்டிரைவ்ல கொடுத்துட்டேன். மூக்குத்தி அதோட இடத்துல இருக்கு.

ஒரு புள்ளி மட்டும் பாக்கி. அப்புச்சி சட்டைப் பையோரம், வெள்ளையா, எட்டு பிக்சல். "அது பேனா மூடி கண்ணு, உங்க அப்புச்சி பேனா இல்லாம வாசப்படி தாண்ட மாட்டாரு"ன்னு பெரியம்மா சொல்றாங்க. மாமா அது தூசிதான்னு அடிச்சுச் சொல்றார். எவ்வளவு பெருசாக்கினாலும் எட்டு பிக்சலுக்கு மேல அதுல எதுவும் தெரியல. விட்டுட்டேன்.